ஆண்டறிக்கை 2024–25: ஆகன் நகர், ஜெர்மனி

தலைவர், பொருளாளர் அவர்களுக்கும், மூத்த உறுப்பினர்களுக்கும், இந்த அக்டோபரில் புதிதாக வந்து இறங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம். நம் தமிழ் மாணவர் மன்றத்தின் ஓராண்டுச் செயல்பாடுகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

சென்ற பொதுக்குழுவில் கேட்ட இரண்டு பேச்சுகள்தான் இந்த ஆண்டின் வேலையைத் தீர்மானித்தன. படிப்பு முடித்து மியூனிக்குக்கு வேலைக்குக் கிளம்பிய அண்ணன் ஒருவர், "மூணு வருஷம் இருந்தேன், இந்த ஊர்ப் பேராலயத்துக்குள்ள ஒரு தடவைகூடப் போகலை. பரீட்சை முடியட்டும், முடியட்டும்னே போயிடுச்சு" என்றார். அவர் அறையிலிருந்து அது பத்து நிமிட நடை. அடுத்துப் பேசிய தங்கைக்கு நேர்மாறான கவலை. டிசம்பர் விடுமுறை முழுக்க ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, ஒரு கட்டாயப் பாடத்தில் இரண்டாம் முறையாகத் தவறியிருந்தார். இங்கே ஒரு தேர்வை மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பையே விட்டுவிட வேண்டியதுதான். அவர் பேசி முடித்தபோது அறையில் சத்தமே இல்லை.

இரண்டு பேர் மீதும் குறை சொல்ல மாட்டேன். ஊரில் செமஸ்டர் தேர்வு முடிந்தால் லீவு. இங்கே வகுப்புகள் பிப்ரவரித் தொடக்கத்திலும் ஜூலையிலும் முடிகின்றன. தேர்வுகளோ அதற்குப் பிறகு வரும் 'விடுமுறை'க்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கின்றன. "பரீட்சை முடிந்த பிறகு" என்று ஒரு நாள் இந்த ஊர்க் காலண்டரில் வருவதே இல்லை.

ஆகவே செயற்குழு ஒரு முடிவெடுத்தது. வகுப்பு நடக்கும் வாரங்களில், மாதம் இரண்டு வியாழன் மாலை, இரண்டே மணி நேரம், ஊருக்குள்ளேயே ஒரு நடை. பிப்ரவரி, மார்ச், ஆகஸ்ட் மாதங்களில் நிகழ்ச்சியே கிடையாது. நூலகத்தில் சேர்ந்து படிப்பது மட்டும்.

முதல் நடை பேராலயத்துக்கு. 1978-இல் யுனெஸ்கோ முதன்முதலாக அறிவித்த 12 உலகப் பாரம்பரிய இடங்களில் ஒன்று. இடைக்கால ஐரோப்பியப் பேரரசர் சார்லமேனின் அரியணை அதன் மாடத்தில் இருக்கிறது. வழிகாட்டியோடுதான் ஏற முடியும். பொன்னும் மணியும் இழைத்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு ஏறினோம். ஆறு படிகளின் மேலே, வெண்கலப் பட்டை போட்டு இணைத்த வெறும் பளிங்குப் பலகைகள்தான் இருந்தன. 936 முதல் 1531 வரை ஜெர்மானிய அரசர்கள் முடிசூடிக்கொண்ட ஆலயம் இது. பக்கப் பலகையில் ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள் கீறியிருந்தன. ஜெர்மானியர்கள் 'ம்யூலே' என்று ஆடும் காய் விளையாட்டின் கட்டம். திருநெல்வேலித் தம்பி குனிந்து பார்த்துவிட்டு, "எங்க ஊர்க் கோயில் மண்டபத்துத் தரையில ஆடுபுலிக் கட்டம் இப்படித்தாண்ணே இருக்கும்" என்றார். வழிகாட்டி அம்மாள் அதை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டு, ஆடுபுலி ஆட்டத்தின் விதிகளைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

தீபாவளி அக்டோபர் 31, வியாழன். மறுநாள் புனிதர் அனைவர் திருநாள்; இந்த மாநிலத்தில் பாட்டு, கொண்டாட்டத்துக்குக் கட்டுப்பாடுள்ள அமைதி நாள். எனவே சனிக்கிழமை கொண்டாடினோம். பட்டாசு இல்லை, புத்தாண்டையொட்டிய இரண்டு நாட்கள் தவிர இங்கே பொதுமக்கள் வெடிக்க முடியாது. நவம்பர் 11-இல் புனித மார்ட்டின் ஊர்வலம். குதிரைவீரருக்குப் பின்னால் குழந்தைகள் காகித விளக்கேந்திப் பாடிக்கொண்டு போனதைப் பார்த்தபோது, ஒரு மாதத்தில் வரவிருந்த கார்த்திகையை நினைக்காதவர் எங்களில் யாரும் இல்லை. பொங்கலை ஜனவரி 18-இல் விடுதிச் சமையலறையில் முடித்துக்கொண்டோம்.

கோடையில் ஹம் நகரின் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் போனோம். ஆகனில் ஏறும் ஆர்ஈ 1 வட்டார ரயிலே கொலோன், டோர்ட்மண்ட் வழியாக ஹம் வரை போகிறது. மாணவர்களுக்கான பயணச் சீட்டான செமஸ்டர் டிக்கெட்டே போதும், தனிச் செலவு இல்லை. போகும்போது மூன்று மணி நேரமும் புத்தகம் விரித்தே வைத்திருந்தோம். போர்க்காலத்தில் அகதிகளாக வந்த ஈழத் தமிழர்கள் எழுப்பி, 2002-இல் குடமுழுக்குக் கண்ட கோயில் அது. "தம்பிமார் எங்க படிக்கிறியள்? சாப்பிட்டனீங்களோ?" என்று ஒரு அம்மா கையைப் பிடித்து அழைத்துப் போய் இலையில் சோறு போட்டார். அங்கே போகாதிருந்தால், ஜெர்மனியை அறிய வந்த நாம், இந்த நாட்டில் நாற்பது ஆண்டு உழைத்து வேரூன்றிய நம் சொந்தங்களை அறியாமலே திரும்பியிருப்போம். இந்தப் பயணம் ஆண்டுதோறும் தொடர வேண்டும் என்பது என் அழுத்தமான கோரிக்கை.

ஒரு குறையையும் பதிவு செய்கிறேன். மார்ச் 3-இல் வந்த, வேடமிட்டுக் கொண்டாடும் கார்னிவல் திருவிழா ஊர்வலத்தைத் தேர்வு மாதம் என்று விட்டுவிட்டோம். வாசலில் போகிற ஊர்வலம். ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கலாம். அடுத்த செயற்குழு இதைத் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

மூன்றாம் முறை எழுத வேண்டியிருந்த தங்கை செப்டம்பரில் தேறிவிட்டார். தேர் பார்க்க வந்த குழுவிலும் இருந்தார்.

புதியவர்கள் தங்கள் தேர்வுத் தேதிகளை நவம்பர் இறுதிக்குள் மன்றத்தின் பட்டியலில் எழுதிவிடவும். அதைப் பார்த்துத்தான் வியாழன்களைக் குறிப்போம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்