அலபாமா தோற்றது அதிர்ஷ்டத்தால் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) பற்றிய கட்டுரை படித்தேன். நம் பத்திரிகைகள் எட்டிப்பார்க்காத பக்கம் அது, எழுதியதற்கு நன்றி. ஆனால் 2024 அக்டோபர் 5ஆம் தேதி வாண்டர்பில்ட் அணி அலபாமாவை 40-35 என்று வென்றதை, 'குருட்டு அதிர்ஷ்டம்' என்று ஒரே வரியில் கட்டுரையாளர் தள்ளிவிட்டார். அதில்தான் எனக்கு வழக்கு. மகள் வீட்டுக்கு வந்து நாலு மாதமாக அமெரிக்காவின் நாஷ்வில்லில் இருக்கிறேன். வாண்டர்பில்ட் இந்த ஊர்ப் பல்கலைக்கழகம். நானோ ஆயுசில் பாதியைப் பி.டி. மாஸ்டராக விசில் ஊதிக் கழித்தவன். சும்மா இருக்க முடியவில்லை.

அந்த அணியின் பழைய கணக்கைப் பார்த்தால் கட்டுரையாளரைக் குறை சொல்லவும் முடியாதுதான். 2023இல் 12 ஆட்டத்தில் 10 தோல்வி. தங்கள் கான்ஃபரன்ஸ் (ஒரே போட்டிக் குழு) அணிகளோடு ஆடிய எட்டிலும் தோல்வி. அலபாமாவைக் கடைசியாக வென்றது 1984இல். தரவரிசையில் முதல் ஐந்து இடத்துக்குள் இருந்த அணிகளை அதுவரை 60 முறை சந்தித்து ஒன்றில்கூட ஜெயித்ததில்லை. அன்றைக்கு எதிரே நின்றதோ முதலிடத்தில் இருந்த அணி. அதற்கு முந்தின வாரம்தான் ஜார்ஜியாவைச் சாய்த்துவிட்டு வந்திருந்தது.

அப்படியானால் எப்படி ஜெயித்தார்கள்? ஸ்கோரை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். 60 நிமிட ஆட்டத்தில் பந்து வாண்டர்பில்ட் கையில் இருந்தது 42 நிமிடம் 8 விநாடி. அலபாமாவுக்குக் கிடைத்தது 18 நிமிடம்கூட இல்லை.

கபடி பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. நாலு புள்ளி முன்னால் இருக்கும் அணிக்காரன் பாடிப் போவான். யாரையும் தொட மாட்டான். கோட்டைத் தாண்டி அங்கேயும் இங்கேயும் ஆடி, 30 விநாடியையும் கரைத்துவிட்டுத் திரும்புவான். வாண்டர்பில்ட் செய்ததும் அந்த வேலைதான், ஆனால் இங்கே சும்மா உருட்ட முடியாது. நாலு முயற்சிக்குள் 10 கஜம் முன்னேறவில்லை என்றால் பந்து எதிரிக்குப் போய்விடும். நாலாவதில் பெரும்பாலும் பந்தை உதைத்து எதிரிக்கே கொடுத்துவிடுவார்கள், அதனால் மூன்றாவது முயற்சிதான் கழுத்துக்குக் கத்தி. அப்படிப்பட்ட 18 தருணங்களில் 12இல் வேண்டிய கஜத்தை எடுத்தார்கள். கடைசியில் அலபாமா 40-35 என்று நெருங்கியபோது மூன்று நிமிடம்கூட மிச்சமில்லை. பந்து அதன்பின் அலபாமா கைக்குப் போகவே இல்லை. அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு பந்து கைமாறி வரும், ஒரு டச் டவுன் (பந்தோடு எதிரியின் எல்லைக்குள் போய்ப் புள்ளி எடுப்பது) கிடைக்கும்; 42 நிமிடம் கிடைக்குமா?

இந்த வித்தையைக் கையில் வைத்திருந்தவர் குவாட்டர்பேக், அதாவது பந்தை வாங்கித் தாக்குதலை நடத்துபவர், டியேகோ பவியா. பெரிய கல்லூரிகள் எதுவும் கூப்பிடாமல், இரண்டாண்டுக் கல்லூரியில் ஆடி, நியூ மெக்சிகோ ஸ்டேட் வழியாக வந்தவர். 2023இல் அந்தச் சின்ன அணியோடு போய் பெரிய அணியான ஆபர்னை 31-10 என்று அதன் சொந்த மைதானத்திலேயே வென்றார். அடுத்த வருடம் வாண்டர்பில்ட் சட்டையில் அதே மைதானத்துக்குப் போய் 17-7. ஆபர்ன்காரர்கள் அவர் பெயரை எப்படி மறப்பார்கள் என்று தெரியவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் மாணவர்களே சிரிப்பார்கள். பந்தைக் கையிலேயே வைத்து ஆட்டத்தைச் சுருக்கினால் பலசாலியோடு உள்ள தூரம் குறைவது போல, நோஞ்சானோடு உள்ள தூரமும் குறைந்துவிடும். செப்டம்பரில் ஜார்ஜியா ஸ்டேட் என்ற சின்ன அணியிடம் 36-32 என்று கடைசி விநாடிகளில் தோற்றார்கள். அது தோற்கவே கூடாத ஆட்டம். மிசௌரியிடம் இரண்டு கூடுதல் சுற்று வரை போய் 30-27. டெக்சாஸிடம் 27-24. உள்ளூர்ப் பகையாளி டென்னசியோடு 14-0 என்று முன்னால் போய், பிறகு 36-23 என்று கோட்டை விட்டார்கள். அலபாமாவை வென்றதற்கும் ஜார்ஜியா ஸ்டேட்டிடம் தோற்றதற்கும் காரணம் ஒன்றேதான் என்பது என் கட்சி. சீசன் 7 வெற்றி, 6 தோல்வியோடு முடிந்தது. டிசம்பர் 27இல் அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாமில் நடந்த கடைசி ஆட்டத்தில் ஜார்ஜியா டெக்கை 35-27 என்று வென்றிராவிட்டால் அதுவும் இல்லை. தோல்வியைவிட வெற்றி கூடுதலான வருடம் இந்த அணிக்கு 2013க்குப் பிறகு 2024தான் முதல்.

அலபாமாவை வென்ற அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மருமகன் என்னை ப்ராட்வே தெருவுக்குக் கூட்டிப் போயிருந்தார். பாட்டுக் கடைகளின் இரைச்சலுக்கு நடுவே திடீரென்று வேறொரு இரைச்சல். மைதானத்தில் பிடுங்கிய மஞ்சள் கோல்போஸ்ட் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு பிள்ளைகள் வருகிறார்கள்! மைதானத்திலிருந்து ஏறத்தாழ மூன்று மைல். தேர்த்தட்டுக்கு அடியில் தோள் மாற்றுவது போல, நடந்தபடியே ஆள் மாறி ஆள் மாறி நுழைகிறார்கள். ஒரு பையனுக்கு முழங்கை சிராய்த்து ரத்தம். அவன் அதைப் பார்க்கவே இல்லை. நேரே கொண்டுபோய் கம்பர்லேண்ட் ஆற்றில் போட்டார்கள். ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கியதற்காகப் பல்கலைக்கழகத்துக்கு 1,00,000 டாலர் அபராதம். நான் பணியில் இருந்தபோது கோல்போஸ்ட்டில் யாராவது தொங்கினாலே பிரம்பை எடுப்பேன். அன்று கைதட்டினேன்.

பவியாவுக்கு இத்தோடு கல்லூரி ஆட்டம் முடிந்தது என்றும் கட்டுரையில் இருக்கிறது. அதுவும் சரியில்லை. இரண்டாண்டுக் கல்லூரியில் ஆடியதையும் கணக்கில் சேர்த்து அவருடைய வாய்ப்பை முடிக்கும் விதியை எதிர்த்து அவர் வழக்குப் போட்டார். 2024 டிசம்பர் 18இல் கூட்டாட்சி நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்துவிட்டது. 2025இலும் ஆட அவருக்கு வழி கிடைத்தது.

கடைசியாக ஒன்று. கட்டுரையோடு வந்த படத்தின் கீழ் 'உற்சாகத்தில் அலபாமா ரசிகர்கள்' என்று அச்சாகியிருக்கிறது. படத்தில் இருப்பது கறுப்பும் பொன்னிறமும், அது வாண்டர்பில்ட். அலபாமாக்காரர்கள் செந்நிறத்தில் வருவார்கள், அன்றைக்கு அவர்கள் முகத்தில் உற்சாகமும் இல்லை. அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
மன்னார்குடி, தற்போது நாஷ்வில்