நிழல் பகட்டுக்குப் போடுவதல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் செல்போன் ஐகான்கள், அதாவது திரையில் தொட்டுத் திறக்கிற சின்னப் படங்கள், நிழலும் புடைப்பும் போய்த் தட்டையாக மாறியது பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எழுதியவர் உழைத்திருக்கிறார், அதில் குறையில்லை. ஆனால் நடுவில் ஒரு வரி: 'நிழலும் மேடுபள்ளமும் வெறும் பகட்டு, அவற்றைக் கழித்த பிறகுதான் திரை பாமரருக்கும் எளிதானது.' அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. 41 வருடம் போர்டு எழுதிப் பிழைத்தவன் நான். எழுத்துக்கு ஷேடு போட்ட கூலியில்தான் மகனையும் மகளையும் படிக்க வைத்தேன். அதைப் பகட்டு என்று ஒருவர் எழுத, தாங்களும் அதை அப்படியே அச்சேற்றியது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

கடை போர்டில் வெளிச்சம் இடது மேல்பக்கத்திலிருந்து விழுவதாக வைத்துக்கொண்டு, வலது கீழ்ப்பக்கம் ஷேடு கொடுப்போம். சிவப்புத் தரை, மஞ்சள் எழுத்து, கறுப்பு ஷேடு ஒரு விரல் அகலம். ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலிலிருந்து பார்த்தாலும் எழுத்து எழுந்து நிற்கும். "ஷேடு எல்லாம் ஒரே பக்கம் விழணும்டா, மாத்தி விழுந்தா எது மேல எது கீழன்னு பாக்குறவன் குழம்பிப் போவான்" என்பார் என் வாத்தியார். போன் திரையில் பொத்தானுக்கு நிழல் இருந்தபோது அதுவும் இதைத்தான் சொன்னது. இது மேடு, அமுக்கினால் உள்ளே போகும்.

என் அக்காவுக்கு 74 வயது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். கரண்ட் பில், கேஸ், போன் ரீசார்ஜ் எல்லாம் அவரே போனில் கட்டுவார். அதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. அவர் பழகிய செயலியில் பணம் கட்டுகிற பொத்தான் பச்சையாக, சோப்புக்கட்டி மாதிரிப் புடைத்துக்கொண்டிருக்கும். போன வருடம் ஏதோ அப்டேட் வந்தது. திரை முழுக்க வெள்ளை. சாம்பல் நிறத்தில் எழுத்து. கீழே வலது மூலையில் வெளிறிய நீலத்தில் 'தொடர்க' என்று ஒரு சொல். அதைச் சுற்றி ஒரு கோடுகூடக் கிடையாது. அக்கா தன் பெயரையும் தொகையையும் பார்த்தார், கட்டியாகிவிட்டது என்று நினைத்து மூடிவைத்துவிட்டார். கெடு முடிந்து, மே மாதத்து மத்தியானத்தில் கரண்ட் போனது.

நான் போனபோது திண்ணையில் விசிறியோடு உட்கார்ந்திருந்தார். போனை நீட்டி, "எங்க தம்பி அமுக்குறது? எல்லாம் எழுத்தாத்தான இருக்கு?" என்றார். என் கண் முன்னாலேயே தொகையை அமுக்கினார். கட்டைவிரலை எடுத்துப் பார்த்தார். தன் பெயரை அமுக்கினார். அப்புறம் மேலே இருந்த தலைப்பை. ஒவ்வொரு முறையும் விரலை எடுத்துவிட்டு, ஏதாவது நடக்குமா என்று திரையையே பார்த்தார். கடைசியில், "எனக்குத்தான் புத்தி மழுங்கிப்போச்சு" என்று சொல்லிப் போனை என் மடியில் வைத்தார். பணம் கட்ட முடியாததைவிட அந்தப் பேச்சுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றிலிருந்து அக்கா எந்தப் பில்லையும் போனில் கட்டுவதில்லை, ஆட்டோ வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போகிறார். பாமரருக்கு எளிதானது என்று கட்டுரையாளர் யாரைக் கேட்டு எழுதினார், ஐயா?

2013-ல் ஆப்பிள், தன் போனையும் ஐபேடையும் இயக்குகிற மென்பொருளான ஐஓஎஸ் 7-ல் எல்லாவற்றையும் தட்டையாக்கியதைக் கட்டுரை புகழ்கிறது. அதற்கு முன்பு ஐபேட் நாள்காட்டியில் தோல் தையல், விளையாட்டுப் பக்கத்தில் பச்சைத் துணி, புத்தகப் பக்கத்தில் மர அலமாரி எல்லாம் இருந்தன. அவற்றைக் கழித்தது சரிதான், நானே கழித்திருப்பேன். தையலை அமுக்கினால் ஒன்றும் நடக்காது. ஆனால் தையலோடு சேர்த்துப் பொத்தானின் விளிம்பையும் கழித்துவிட்டார்களே, அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. அடுத்த மார்ச்சிலேயே, ஐஓஎஸ் 7.1-ல், பொத்தானுக்கு வடிவம் காட்டும் வசதியை போனின் செட்டிங்ஸுக்குள் அவர்களே வைக்க வேண்டி வந்தது. 2014 ஜூனில் கூகுள் அறிவித்த மெட்டீரியல் டிசைன் என்ற திரை வடிவமைப்பு முறையில், காகிதத்தின் மேல் காகிதம் கிடக்கிற மாதிரி நிழல் திரும்ப வந்தது. 2017-ல், திரைகள் ஜனங்களுக்கு எளிதாக இருக்கிறதா என்று ஆராய்கிற நீல்சன் நார்மன் குழுவினர் 71 பேரிடம் இணையப் பக்கங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். எதை அமுக்கலாம் என்ற அடையாளம் மங்கலாக இருந்த பக்கங்களில் சராசரியாக 22 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. கட்டுரையாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நான் தட்டைப் படத்துக்கு விரோதி இல்லை. எங்கள் ஊர் திண்டுக்கல். 1973 இடைத்தேர்தலில் இரட்டை இலை முதன்முதலாகச் சுவரேறியபோது நான் 16 வயதுப் பையன், வாத்தியாருக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தவன். ஒரே பச்சை, ஷேடு கிடையாது. நடுநரம்பு மட்டும் வெள்ளையில் இழுப்போம். நரம்பு விட்டுப்போனால் அது வெறும் பச்சைத் திட்டு, நரம்பு விழுந்தால் கைநாட்டு வைக்கிற பாட்டிக்கும் இலை. உதயசூரியன் அதற்கும் முந்தியது. தேர்தல் ஆணையத்தில் ஓவியராக இருந்த எம்.எஸ். சேத்தி வரைந்த சின்னங்கள் பலவும் இப்படித்தான், சாதாரணக் கோட்டுப் படங்கள். சீப்பு, விசிறி, மேசை என்று வீட்டில் இருக்கிற சாமான்கள். 1989 தேர்தலில் இரட்டை இலை முடங்கி, ஓர் அணிக்குச் சேவலும் இன்னோர் அணிக்கு இரட்டைப் புறாவும் வந்தபோது இரண்டையும் நான் எழுதினேன். "எலைய எங்கப்பா காணோம்?" என்று சுவர் அருகில் நின்று கேட்டவர்களுக்குக் கணக்கில்லை. பழகிய சின்னத்தைத் திடீரென்று மாற்றினால் ஜனங்கள் எப்படித் திகைப்பார்கள் என்பதை அன்றைக்கே பார்த்தேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஓட்டு மெஷினில் சின்னம் தட்டைதான். ஆனால் பக்கத்தில் வேட்பாளர் பெயர் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் நீல பட்டன் விரலுக்கு மேடாகத் தட்டுப்படுகிறது. அமுக்கினால் சிவப்பு விளக்கு எரிகிறது, சத்தம் வருகிறது. படத்துக்கு நிழல் வேண்டாம், அமுக்குகிற இடத்துக்கு வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் கட்டுரை நிழலைப் பகட்டு என்கிறது.

என் மகள் சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் திரை வடிவமைக்கிற வேலைதான் பார்க்கிறாள். அவள் கட்டுரையாளர் பக்கம். "அப்பா, போன், டேப்லெட், டிவி எல்லாத்துக்கும் ஒரே ஐகான் போகணும். நிழலும் பளபளப்புமா இருந்தா ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியா வரையணும். தட்டைக் கோடுன்னா எந்த அளவுக்கும் நீளும்" என்கிறாள். கணினியில் சேமிப்பதற்கு ஃபிளாப்பி என்கிற பழைய தட்டின் படம் போடுகிறார்களே, அந்தப் பொருளைப் பேரப்பிள்ளைகள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்றும் கேட்டாள். நியாயம், ஒத்துக்கொண்டேன். ஆனால் 2020-ல் கூகுள் தன் மெயில், நாள்காட்டி, கோப்பு வைக்கிற டிரைவ், வீடியோவில் பேசுகிற மீட் நான்கின் ஐகானுக்கும் அதே நான்கு நிறத்தைப் பூசிவிட்டதே, அதற்கு என்ன சொல்வாய் என்றேன். கடைத்தெருவில் நாலு போர்டையும் ஒரே நிறத்தில் எழுதியிருந்தால் எனக்குக் கூலி கிடைத்திருக்காது. அதற்கு அவளிடம் பதில் இல்லை. இன்றைக்கும் நான் மெயில் என்று நினைத்து மீட்டைத் திறக்கிறேன்.

இது ஒரு பக்கம் இருக்கட்டும். தங்கள் இதழையே 30 வருடமாக வாங்குகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வடிவமைப்பை மாற்றினீர்களே, அன்றிலிருந்து எழுத்து மெலிந்து சாம்பல் நிறமாகிவிட்டது. ராத்திரியில் என்னால் ஒரு பக்கத்துக்கு மேல் படிக்க முடியவில்லை. அப்போதே ஒரு கடிதம் போட்டேன், வெளிவரவில்லை. அதற்கும் முன்பு ஒரு தீபாவளி மலரில் பழைய கடை போர்டுகளைப் பக்கம் பக்கமாகப் படம் போட்டீர்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் போர்டின் கீழ் மூலையில் எழுதினவன் பெயர் சின்னதாக இருக்கும். அந்த மூலையைப் படத்துக்குப் படம் வெட்டியிருந்தீர்கள். அதில் ஒரு போர்டு நான் எழுதியது. இரும்புக்கடை போர்டு. 'இ'யின் வளைவைப் பார்த்ததும் என் கை என்று தெரிந்துவிட்டது. ஃபிளக்ஸ் வந்து தொழில் போனபோதுகூட அவ்வளவு வலிக்கவில்லை.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. தங்கள் இதழின் செயலியில் மேல் மூலையில் மூன்று கோடு இருக்கிறது. 1981-ல் ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் என்பவர் வரைந்த குறி அது என்று மகள் சொன்னாள். வரைந்தவர்மேல் குறையில்லை. ஆனால் அதற்குள்தான் பழைய இதழ்கள் இருக்கின்றன என்பது எனக்கு எட்டு மாதம் தெரியாது. அந்தக் கோடுகளுக்குக் கீழே 'பொருளடக்கம்' என்று தமிழில் ஒரு சொல் போடுங்கள். அதைச் சுற்றி மெல்லிதாக ஒரு கட்டம், வலது கீழ்ப்பக்கம் கொஞ்சம் நிழல். எழுத்தைக் கறுப்பில் அச்சடியுங்கள். இடம் இருந்தால் இந்தக் கடிதத்தையும் வெட்டாமல் போடுங்கள். அக்காவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற போர்டு ஓவியர்,
திண்டுக்கல்.