அந்த பட்டன் 1803ஆம் வருசத்தது இல்ல

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்,

தோட்டத்துல தண்ணி வடியுற கான் வெட்டும்போது கெடைச்ச பித்தளை பட்டன் படத்த போன வாரம் போட்டிருந்தீங்க, பாக்க சந்தோசமா இருந்திச்சு, ஆனா அது 1803 கண்டிச் சண்டைல செத்த வெள்ளைக்கார சோல்ஜரோடதுன்னு எழுதுனது சரிவராதுங்க. படத்துல ஒரு பக்கம் சிங்கம், மத்த பக்கம் ஒத்தக்கொம்பு குதிரை, நடுவுல கேடயம் நல்லா தெரியுது, இது பிரிட்டிஷ் ஆர்மி சாதாரண சிப்பாய்களுக்கு 1871ல கொண்டுவந்த பொது பட்டன். அதுக்கு முந்தி அவனவன் ரெஜிமென்ட் நம்பர்தான் இருக்கும், அதுலயும் 1855 வரைக்கும் சிப்பாய்க்கு பெரும்பாலும் மங்கலான பியூட்டர் (தகரம் கலந்த உலோகம்) பட்டன்தான், பித்தளை இல்ல. 1803ல கண்டில மாட்டுனது 19வது ரெஜிமென்ட், அவங்க பட்டன்னா 19ன்னு இருக்கணுமே?

பட்டன்ல இருக்குற கிரீடத்தையும் பாருங்க. மேல் வளைவு பள்ளமில்லாம உருண்டையா எழும்பி இருந்தா 1901ல இருந்து 1952 வரைக்கும் இருந்த ராஜாக்கள் காலம். நடுவுல பள்ளம் விழுந்திருந்தா எலிசபெத் ராணி காலம், ஆனா விக்டோரியா காலத்து கிரீடத்துலயும் பள்ளம் இருக்கும், அங்கதான் எல்லாரும் குழம்புறது. அப்ப பட்டன திருப்பி பின்பக்கம் செஞ்ச கம்பெனி பேர படிக்கணும். லண்டன் ஃபர்மின் கம்பெனி முன்னூறு வருசத்துக்கு மேல பட்டன் செய்யுது, அதனால வெறும் பேர வச்சு வயசு சொல்ல ஏலாது, ஆனா கூட 'லிமிடெட்'னு இருந்தா 1855க்கு முந்தினது இல்ல.

நம்ம பக்கம் கெடைக்கிறதெல்லாம் சண்டை பட்டனும் இல்ல. நானுஓயாவுக்கு 1885ல ரயில் வந்திச்சு, ரயில்வே ஆக்கள் யூனிஃபார்ம் பட்டனா இருக்கலாம், தோட்டத்துல ஆள் வச்சு வேலை வாங்குன பெரிய கங்காணிமார் கோட்டு பட்டனா இருக்கலாம். தியத்தலாவைல 1900ல இருந்து தென்னாப்பிரிக்கா சண்டைல புடிச்ச போயர் கைதிகள காவல் காத்த சோல்ஜர்மார் இருந்தாங்க, தோட்டத்து வெள்ளைக்கார தொரைமாருக்கே 1900ல இருந்து 1949 வரைக்கும் பிளான்டர்ஸ் ரைஃபிள் கோர்னு தனியா ஒரு படை இருந்திச்சு.

இன்னொண்ணு, கெடைச்ச ஒடனே புளி போட்டு தேய்க்காதீங்க, அது என்ன குத்துவிளக்கா? மேல பூசுன தங்க முலாம் போயிடும், எழுத்தும் தேஞ்சிடும். பச்சத்தண்ணி போதும். மெட்டல் டிடெக்டர் தூக்கிட்டு மலை மலையா தோண்டுற பசங்களுக்கும் சொல்றேன், 1940 தொல்பொருள் சட்டப்படி பழைய பொருள் தேடி லைசன்ஸ் இல்லாம தோண்டுறது குத்தம்.

அந்த பட்டனோட பின்பக்க படம் இருந்தா அதையும் போடுங்க அய்யா, வருசத்த இன்னும் கிட்டத்துல சொல்லிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பொகவந்தலாவை