காசநோய் மாத்திரையும் வார்ஃபரினும்

ஆசிரியருக்கு வணக்கம்.

இதய வால்வு மாற்றிய என் அம்மா ரத்தம் உறைந்து கட்டாமல் இருக்கத் தினமும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு, ரத்தப் பரிசோதனையில் 2.5-ஐ ஒட்டியே இருக்கும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கிய மூன்றாவது வாரம் 1.3-க்கு இறங்கிவிட்டது, ரத்தம் கட்டிவிடுமோ என்று பயந்துபோனோம். "மாத்திரையைத் தவறவிட்டீர்களா?" என்று மருத்துவமனையில் அம்மாவைத்தான் முதலில் கேட்டார்கள். ஒருநாள்கூடத் தவறவிடவில்லை.

ரிஃபாம்பிசின் கல்லீரலை அதிகமாக நொதிகளைத் தயாரிக்க வைக்கிறது. அவை வார்ஃபரினை வேகமாகச் சிதைத்துவிடுகின்றன. அதனால் வார்ஃபரின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கிறது. கருத்தடை மாத்திரைக்கும் இதே கதிதான். ரிஃபாம்பிசினை நிறுத்தினால் சில வாரங்களில் நொதி குறைந்துவிடும். அப்புறமும் கூட்டிய வார்ஃபரின் அளவே தொடர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம்.

காசநோய் மாத்திரை தரும்போதே, வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு, நோயாளி அட்டையில் சிவப்பு மையில் எழுதித் தாருங்கள்.

- ஒரு வாசகி, விருதுநகர்