கணக்குப்பிள்ளைக்கு நாம் தரவேண்டிய வடைகள்

வெள்ளவத்தை
17.11.2024

அன்பின் மச்சான்,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் வந்து ஏழு மாதம். பதில் போடாததற்குச் சொல்ல ஒரு சாட்டும் கைவசம் இல்லை. திட்டுவதை மனதுக்குள் திட்டிவிட்டு மேலே படி. எனக்குச் சீனி அப்படியேதான், முழங்கால்தான் மோசம். இவள் சுகம். மகள் இன்னும் அதே ஏழாம் மாடியில். லிஃப்ட் வேலை செய்யும் நாட்களில் போய்ப் பார்க்கிறோம். தேர்தல் முடிந்தது. யாழ்ப்பாணத்திலேயே தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டி முதலாவதாக வந்த கதையை ஸ்காபரோவில் இருந்துகொண்டு நீ என்னைவிடக் கூடவே படித்திருப்பாய். அதை விடு.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. நாம் வடைக் கள்ளர் என்பது வெளியே வந்துவிட்டது. 43 வருடம் கழித்து.

கந்த சஷ்டி ஆறு நாளும் இவள் விரதம், நான் வழக்கம்போல விரதத்துக்குத் துணை. எட்டாம் திகதி பாறணையும் முடிய, பின்னேரம் பேரனையும் கூட்டிக்கொண்டு பம்பலப்பிட்டிக்குப் போனோம். கிறீன்லண்ட்ஸ் பக்கம் போவோம் என்றாள் இவள். நான்தான் பிடிவாதமாக நாம் படிக்கிற காலத்தில் சாப்பிட்ட கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கடையை நீ கண்டால் அடையாளம் தெரியாது. கண்ணாடிக் கதவு, ஏசி, படம் போட்ட மெனு. பனீர் ஒரு பக்கம், கோபி மஞ்சூரியன் ஒரு பக்கம். தோசையைத் தேடி நாலாம் பக்கம் போகவேண்டும். சாம்பாரில் சீனி போட்டிருக்கிறான் அல்லது நான் சீனி வருத்தக்காரன் என்பதால் எல்லாவற்றிலும் சீனியைக் காண்கிறேன். பில்லில் பத்து வீதம் சேவைக் கட்டணம், அதற்கு மேல் ஜனவரியில் இருந்து 18 ஆக ஏறிய வற் வரி. ஆனால் நியாயமாகச் சொல்லவேண்டும், தோசை நன்றாகத்தான் இருந்தது. கூட்டமும் குறையவில்லை. இப்போது பௌர்ணமிப் போயா நாளில் போனால் இடம் பிடிக்க முடியாது. வெள்ளை உடுப்போடு பௌத்த பன்சலையில் இருந்து நேரே வரும் சிங்களக் குடும்பங்கள்தான் பாதிக்கு மேல். நாம் படிக்கிற காலத்தில் ஒரு வேதக்காரனுக்கும் இரண்டு சைவக்காரருக்கும் பொதுவாக ஒரு சைவக் கடை அமைந்தது ஈஸ்டருக்கு முந்தின உன்னுடைய தபசு காலத்தால்தானே? உனக்கும் வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லை, எங்களுக்கும் இல்லை. தபசு காலம் முடிந்த பிறகும் நீ வந்துகொண்டே இருந்தாய். எதற்கு என்று எனக்குத் தெரியும், எதிர் மேசைக்காரிக்கும் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முந்தி நாம் உட்கார்ந்த உடனே கேளாமலே மேசைக்கு ஒரு தட்டு வருமே, உழுந்து வடை, பருப்பு வடை, போண்டா என்று அடுக்கி? தின்றதற்கு மட்டும் காசு, மிச்சம் அடுத்த மேசைக்கு. அந்தத் தட்டை நிறுத்திவிட்டார்கள். இப்போது எத்தனை வடை என்று முதலிலேயே சொல்லவேண்டும். 2020இல் மஞ்சளையும் உழுந்தையும் வெளியில் இருந்து இறக்க விடாமல் தடுத்தார்களே, அப்போது வவுனியா உழுந்தைப் பவுண் விலைக்கு வாங்கி அரைத்தார்கள். வடை சின்னதாகி, நடுவில் ஓட்டை மட்டும் பழைய அளவில் இருந்தது. அதோடு தட்டு போனது. இனிக் கைபோன் மாதிரி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் பொடியன்கள் ஓர்டர் எடுப்பார்களாம், பில் தானாக வருமாம்.

அப்படியானால் தட்டில் மிச்சம் எண்ணுகிற நம் கணக்குப்பிள்ளைக்கு என்ன வேலை?

ஓம், இன்னும் அங்கேதான் இருக்கிறார். நீ போனபோது மீசை அரும்பாத பொடியன். இப்போது முழுத்தலையும் நரை. எங்களைக் கண்டதும் வந்தார். இந்த மாதத்தோடு வேலையை விட்டு ஊருக்குப் போவதாகச் சொன்னார். அப்புறம், "அந்த வேதக்கார சார் சௌக்கியமா, சம்பல் ரெண்டு தரம் கேப்பாரே?" என்றார். நான் கதையை வளர்க்கலாம் என்று, "அப்போதெல்லாம் தட்டில் எத்தனை மிச்சம் என்று ஒருதரம் பார்த்தே சொல்லிவிடுவீர்கள், பிழைக்கவே பிழைக்காது" என்று புகழ்ந்தேன்.

"பிழைக்காதுங்க. வெள்ளிக்கிழமை உங்க மேசையில மட்டும் ஒண்ணு குறையும். நெட்டையா ஒருத்தர் வருவாரில்ல, அவருதான் எடுப்பாரு. புஸ்தகத்துக்குள்ள வைப்பாரு."

மடக்கைப் புத்தகத்தின் எண்ணெய் வட்டம் ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பேரன் விழுந்து விழுந்து சிரிக்கிறான், அப்பப்பா கள்ளனாம். இவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். "தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"சொன்னா முதலாளி உங்களையும் அடிப்பாரு, பாத்துக்காததுக்கு என்னையும் அடிப்பாரு. சொல்லாட்டி தட்டுக் கணக்கு இடிக்கும், என் சம்பளத்தில வெட்டுவாரு. வெட்டுறது நல்லதுன்னு விட்டுட்டேன்."

சாதாரணமாகத்தான் சொன்னார், சாம்பார் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு. மச்சான், அப்போது அவருக்கு 13 வயது. நாம் அட்வான்ஸ் லெவல். உன் வீட்டில் கார் நின்றது.

நான் வாயடைத்துப்போய் இருக்க, இவள் அவருடைய பெயரைக் கேட்டாள். கடைக்கு வந்து அரைமணித்தியாலத்துக்குள் கேட்டாள். ராமையா. ஊர் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். நான் சமாளிக்கிற எண்ணத்தில், "நாங்கள் உங்களுக்குக் கணக்குப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தோம், தெரியுமா?" என்றேன். தெரியும் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க அம்மா கொழுந்துக் கூடையில நிறை குறையுதுன்னு தெனமும் ஏசுற ஆளுக்குத்தாங்க எங்க ஊருல அந்தப் பேரு" என்றார். அதைச் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார், அங்கே சட்னி கேட்டுக் கூப்பிட்டார்கள்.

நாம் ஏதோ கெட்டித்தனமான பட்டம் வைத்ததாக எண்ணிக்கொண்டிருந்தோமே.

திரும்பி வந்தபோது மிச்சக் கதை துண்டு துண்டாக வந்தது. 83 ஆடிக் கலவரத்தில் கடையை எரித்தபோது பின் மதிலேறிக் குதித்து, கடற்கரைத் தண்டவாளத்து ஓரம் ஒளிந்திருந்திருக்கிறார். அடுத்த தையில் நீ பிளேன் ஏறினாய். அவர் லொறி ஏறி ஹட்டனுக்குப் போயிருந்தார். கடையைத் திரும்பத் திறந்து முதலாளி ஆள் அனுப்பியதும் வந்துவிட்டார். அதன் பிறகு இருபது வருடம் கடைக்கும் மேல்மாடிப் படுக்கைக்கும் இடையில்தான். கடற்கரை கூப்பிடு தூரத்தில் இருந்தும் போகமாட்டார், சரியான சோம்பேறி என்று நானே சொல்லியிருக்கிறேன். அவரிடம் அடையாள அட்டை இல்லையாம். 2003இல் இந்திய வம்சாவளித் தமிழருக்கென்று சட்டம் வந்து பிரஜாவுரிமை கிடைத்த பிறகுதான் எடுத்தாராம். காலி வீதி முழுக்கச் சோதனைச் சாவடி நின்ற காலத்தில் அட்டை இல்லாத தமிழ் ஆள் எங்கே உலாவப் போவது? நானும் நீயும் பயந்ததைப் பற்றி எத்தனை பக்கம் எழுதிக்கொண்டோம். ஒவ்வொரு கிழமையும் எனக்குத் தோசை வைத்த மனிதரிடம் நான் இதைக் கேட்டதே இல்லை.

மனைவி இன்னும் கொழுந்து பறிக்கிறார். செப்டெம்பரில் நாட்சம்பளத்தை 1350 ஆக்கினார்கள். அன்று எங்கள் மூன்று பேருடைய பில் அதைவிடக் கூட. இதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

காசு கொடுக்கப் போய் இன்னும் கேவலப்பட்டேன். வடைக் கடன் என்று சொல்லி ஐயாயிரம் ரூபாய்த் தாள் ஒன்றை நீட்டினேன். வாங்கவில்லை. கணக்குப் பார்த்துத்தான் வாங்குவாராம். அப்போது ஒரு வடை 75 சதம் என்றார், நான் 50 என்றேன். பேரன் கைபோனை எடுத்து வட்டி எத்தனை வீதம் என்று கேட்டான். "வட்டி போட்டா சார் வீட்டை எழுதிக் குடுக்கணும்" என்று அவர் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். கடைசியில் இவள்தான் தீர்த்து வைத்தாள்: வடைக்கு வடை. டிசம்பரில் நீ வரும்போது நாங்கள் எல்லோரும் அவர் வீட்டுக்குப் போய் உழுந்து அரைத்துச் சுட்டுப் போடுவது என்று. வாக்குக் கொடுத்தவள் அவள், அரைக்கப் போவது யார் என்று உனக்குத் தெரியும்தானே.

ஆகவே டிசம்பர் பயணத்தை இன்னொரு முறை தள்ளிப்போடாதே. கோட்டையில் இருந்து காலையில் பொடி மெனிக்கே, ஹட்டனில் இறங்கி நோர்வூட் வழியாக பஸ். தோட்டத்து விலாசத்தை ஒரு பில்லின் பின்பக்கத்தில் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். அங்கே குளிராம், இரண்டு சுவெட்டர் கூடக் கொண்டு வா, ஒன்று எனக்கு. நல்ல உழுந்து இரண்டு கிலோ உன் பங்கு, இங்கே வாங்கலாம், காசு மட்டும் தா.

நெட்டையனுக்கு நீயே எழுது. மெல்போர்னில் இத்தனை வருடம் ஊரார் கணக்கையெல்லாம் ஓடிட் பண்ணியவன். நான் எழுதினால் ரசீது கேட்பான்.

அன்புடன்,
உன் கண்ணாடி