கண்ணாடி பிடித்த கைக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்பான உறவுகளுக்கும் அயலவர்களுக்கும் வணக்கம்.

அம்மா எங்களை விட்டுப் போய், எட்டுச்செலவும் முடிந்துவிட்டது. பந்தலைக் கழற்றி, வாடகைக் கதிரைகளையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அடிக்கக் கொடுக்க வேண்டும், கடைசிப் பக்கத்துக்கு நன்றி நவிலல் எழுதித் தா அக்கா என்று தம்பி கேட்டான். அந்தப் பக்கத்தில் நாலு வரிதான் பிடிக்கும். எனக்குச் சொல்ல இருப்பது அதற்குள் அடங்காது. மனம் ஆறட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் எழுதாமலே போய்விடும் என்றும் பயமாக இருக்கிறது. அதனால் இப்போதே எழுதுகிறேன்.

என்ன நடந்தது என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். அந்தக் கிழமைகளைத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

முதல் நன்றி, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை விடுதியில் தரை துடைக்கிற ஒரு தங்கச்சிக்கு. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை.

அம்மாவுக்கு வலக்கை எழும்பாமல் போனபிறகு நாங்கள் மாறி மாறிப் பக்கத்தில் இருந்தோம். ஊட்டினோம், முகம் துடைத்தோம், தலை இழுத்துவிட்டோம். அம்மா ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் சீப்பை எடுத்தால் மட்டும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். விடியற்காலையில் கிணற்றடியில் குளித்து, ஈரத்தலையைத் துவட்டி, கொண்டை போட்டு, திருநீறு பூசிய பிறகுதான் அம்மா வாசலுக்கே வருவார். ஷெல் விழுந்த காலத்திலும் அப்படித்தான். இப்போது தலைமுடி சிக்குப் பிடித்துக் கிடந்தது.

ஒரு நாள் காலை, துடைத்துக்கொண்டு வந்த அந்தத் தங்கச்சி எங்கள் கட்டிலடியில் நின்று பார்த்தார். பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுப் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். தலையணையை முதுகுக்கு அணைத்து அம்மாவை நிமிர்த்தி இருத்தினார். தன் கைப்பைக்குள் இருந்து உள்ளங்கையளவு கண்ணாடி ஒன்றை எடுத்துத் துடைத்தார். என் கையில் இருந்த சீப்பை வாங்கி அம்மாவின் இடக்கையில் வைத்தார்.

“அம்மா, நீங்களே இழுங்கோ. நான் கண்ணாடி பிடிக்கிறன்.”

அவ்வளவுதான் சொன்னார்.

அம்மா இழுக்கத் தொடங்கினார். பழக்கமில்லாத கை. சீப்பு இரண்டு தரம் மடியில் விழுந்தது. அந்தப் பிள்ளை எடுத்துக் கொடுத்தாரே தவிர, வாங்கித் தான் இழுக்கவில்லை. கை உளைந்தபோது கண்ணாடியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். வகிடு கோணலாகப் போனது. எனக்குக் கை துறுதுறுத்தது, அவர் கண்ணாலேயே என்னை மறித்தார். அம்மா கண்ணாடியை உற்றுப் பார்த்து, “கோணல்” என்று சொல்லிவிட்டு, கலைத்துத் திரும்ப எடுத்தார். அந்தப் பெரிய விடுதியைத் துடைத்து முடிக்க வேண்டிய மனுசி, நேரத்தைப் பாராமல் அப்படியே நின்றார். முடிந்ததும் அம்மா தேத்தண்ணி கேட்டார். கோப்பையைத் தானே பிடித்துக் குடித்தார்.

அன்றிலிருந்து அவருக்கு வேலை இருந்த ஒவ்வொரு நாளும் அந்தக் கண்ணாடி வந்தது. அம்மா அவருக்காகக் காத்திருக்கத் தொடங்கினார். கடைசியில் வீட்டில் அம்மாவைக் குளிப்பாட்டித் தலை வாரும்போது, “அம்மம்மா வகிட்டை இந்தப் பக்கம்தான் எடுக்கிறவா” என்று என் மகள் காட்டினாள். வைத்தியசாலையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று பார்த்த பிள்ளை.

அம்மாவைத் தெரிந்தவர்களுக்கு, இதைப் பற்றி நான் ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்று விளங்கும். தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன்.

1987 ஒக்ரோபரில் அப்பாவை இழந்தபோது அம்மாவுக்கு 32 வயது. நாங்கள் மூன்று பேர், கடைசித் தம்பி கைக்குழந்தை. மாமாமார் வந்து தங்களோடு வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அம்மா போகவில்லை. மிளகாய்த்தூள் செய்து விற்கத் தொடங்கினார். செத்தல் மிளகாயைக் காம்பு கிள்ளிக் காயவைத்து, மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே பதம் பார்த்து வறுப்பார். ஒன்றாகப் போட்டு வறுத்தால் ஒன்று கருகும், ஒன்று பச்சையாய் நிற்கும். 1990க்குப் பிறகு மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் தங்கம் மாதிரி. ஆலையில் கொடுத்து அரைத்தால் கட்டாது என்று உரலில் இடித்து, அரிதட்டில் அரித்து, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குச் சைக்கிளில் கொண்டுபோவார். அந்த நெடி எங்கள் பள்ளிக்கூடச் சட்டையிலும் இருந்தது.

1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டையால் வலிகாமத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து மழையில் நாவற்குழிப் பக்கம் நடந்தபோது அம்மாவின் சைக்கிளில் முன்னுக்குத் தம்பி, பின்னால் கரியரில் உடுப்பு மூட்டையோடு இரும்புத் தாச்சி. கொடிகாமத்தில் ஒருவரின் மாட்டுக்கொட்டிலில் ஒதுங்கியிருந்த மாதங்களிலும் அந்தத் தாச்சி அடுப்பில் ஏறியது. அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பி, கூரை போன வீட்டின் குசினியை முதலில் திருத்தினார்.

அந்தக் காலத்தில் எங்கள் ஒழுங்கைக்குள் இன்னும் சில பெண்கள் தனித்துப் போயிருந்தார்கள். அரிசிக்கு வழியில்லாமல் வருவார்கள். அம்மா காசை எடுத்துக் கொடுக்கமாட்டார். ஒரு சுளகு மிளகாயை முன்னால் வைத்து, “இதைக் கிள்ளித் தா பிள்ளை, இடிக்கிறதிலயும் ஒரு கை பிடி, வித்தால் உனக்குப் பங்கு” என்பார். பங்கைக் கொப்பியில் எழுதிக் கணக்காகக் கொடுப்பார். சும்மா கொடுத்திருக்கலாமே என்று சின்ன வயதில் நான் கேட்டேன். “சும்மா குடுத்தால் அடுத்த முறை அவள் தலையைக் குனிஞ்சுகொண்டு வருவாள்” என்றார். அப்படி வந்த மூன்று பேர் செத்தவீட்டுக்கு வந்து, எங்களை விட அதிகமாக அழுதார்கள்.

தம்பி கனடாவுக்குக் கூப்பிட்டான். ஸ்காபரோவில் போய் இருந்துவிட்டு, பனிகாலத்துக்கு முன்னமே திரும்பி வந்துவிட்டார். “அங்க கடைக்குப் போகவும் எனக்கு ஒரு ஆள் வேணும்” என்பதுதான் அவர் சொன்ன காரணம். பேத்திமாரில் யாருக்காவது அடையாள அட்டை கிடைத்தால், அந்தக் கிழமையே வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போவார். தான் வெளியே மரத்தடியில் நின்றுகொண்டு, “உள்ளுக்குப் போய் நீயே கேள், படிவத்தையும் நீயே நிரப்பு” என்று அனுப்புவார்.

இப்படிப்பட்ட மனுசிக்கு, கடைசி நாட்களில் தன் வேலையைத் தானே செய்ய ஒருவர் இடம் கொடுத்தார். தங்கச்சி, இதை யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள் என்று நம்புகிறேன். நீங்கள் எங்களுக்குச் செய்ததற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தியேட்டிக்குக் கட்டாயம் வீட்டுக்கு வாருங்கள்.

மற்றவர்களையும் மறக்கவில்லை. இரவு பகல் பார்த்த வைத்தியர்கள், தாதியர்கள். முன்பின் தெரியாத எங்களுக்காக வந்து இரத்தம் கொடுத்த பல்கலைக்கழகப் பிள்ளைகள். நடுச்சாமத்திலும் கூப்பிட்ட குரலுக்கு வந்து காசு வாங்க மறுத்த ஓட்டோத் தம்பி. பந்தல் போட்டு, பாடையும் கட்டி, இரவிரவாக விழித்திருந்த சனசமூக நிலையத்துப் பெடியள். எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சாப்பாடும் தேத்தண்ணியும் கொண்டுவந்த அயல். தொண்டை கட்டியும் நிறுத்தாமல் திருப்பொற்சுண்ணம் பாடிய ஐயா. அன்றைக்கு ஆலையைப் பூட்டிவிட்டு வந்து நின்ற சந்தி ஆலைக்காரர். கடல் கடந்து வந்தவர்கள், வர முடியாமல் விடிய விடியத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நாங்கள் மூன்று பேரும் பேசி ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். வருடா வருடம் அம்மாவின் திதிக்கு அன்னதானத்தோடு, அந்த விடுதிக்கு முகம் பார்க்கிற கண்ணாடிகளும் சீப்புகளும், பிடிக்க இலகுவான கைப்பிடி வைத்த கோப்பைகளும் கொடுக்கப் போகிறோம். பொறுப்புத் தாதியிடம் கேட்டேன். சந்தோசப்பட்டார், ஆனால் கண்ணாடி மட்டும் உடையாததாகப் பார்த்து வாங்கச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் அப்படியானது எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்கள் சிலர் இதற்குப் பங்கு அனுப்புகிறோம் என்று கேட்டார்கள். கோபிக்க வேண்டாம், இப்போதைக்குத் தேவையில்லை. தூள் விற்ற காசில் அம்மா சேர்த்து வைத்தது வங்கியில் இருக்கிறது.