கருத்தரங்கை ஜூன் மாதத்துக்கு மாற்றுங்கள்: சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் இயங்கும் தமிழ் அமைப்புகள், கோயில் நிர்வாகக் குழுக்கள், முன்னாள் மாணவர் சங்கங்கள், ஊர்ச் சங்கங்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

மேல்நிலைத் தேர்வு (ஏ-லெவல்) முடிவுகள் பிப்ரவரி இறுதியில் வருகின்றன. அதையொட்டி ஒரு சனிக்கிழமை மாலை பல்கலைக்கழக வழிகாட்டிக் கருத்தரங்கு வைக்கிறீர்கள். வரவேற்புரை, பொன்னாடை, சிறப்பு விருந்தினர் உரை, மூன்று பேச்சாளர்கள், கேள்விக்குப் பத்து நிமிடம், கடைசியில் சாப்பாட்டுப் பொட்டலம். நல்லெண்ணத்தோடு செய்கிறீர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அன்றைக்கு அரங்கில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையால் எதையும் பெரிதாக மாற்ற முடியாது. உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க ஏறக்குறைய மூன்று வாரமே மிச்சமிருக்கும். எடுத்த பாடங்களும் வாங்கிய மதிப்பெண்களும் முடிந்துபோன விஷயம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் கடைசித் தேதியும் தாண்டியிருக்கும்.

எங்கள் முதன்மைக் கோரிக்கை ஒன்றுதான். அந்த நிகழ்ச்சியை ஜூன் விடுமுறையின் முதல் வாரத்துக்குக் கொண்டுவாருங்கள். மேடையை விட்டுவிட்டு, ஒவ்வொரு குடும்பத்தோடும் உட்கார்ந்து பேச மேசை போடுங்கள். தொடக்கக் கல்லூரி (ஜேசி) மாணவர்களோடு, உயர்நிலை 2 மாணவர்களின் பெற்றோரையும், சாதாரண நிலைத் தேர்வு (ஓ-லெவல்) எழுதப்போகிறவர்களையும் அழையுங்கள். இந்த மூன்று தரப்புக்கும் ஜூன் ஏன் பொருந்துகிறது என்று சொல்கிறோம்.

உயர்நிலை 2இல் படிப்பவர்கள் அவ்வாண்டின் பிற்பகுதியில் உயர்நிலை 3க்கான பாடங்களைத் தெரிவு செய்கிறார்கள். கூடுதல் கணிதம் கஷ்டம், வேண்டாம் என்று வீட்டில் முடிவெடுப்பது அப்போதுதான். தொடக்கக் கல்லூரியில் எச்2 (முழு அளவுப் பாடம்) கணிதம், மாணவர் கூடுதல் கணிதம் படித்திருக்கிறார் என்று வைத்துக்கொண்டே பாடத்தைத் தொடங்குகிறது. படிக்காதவர் பெரும்பாலும் அதில் பாதி அளவான எச்1 கணிதத்துக்குப் போவார், அல்லது முதல் ஆண்டு முழுக்க மூச்சுவாங்க ஓடுவார். பொறியியலும் கணினியியலும் பொதுவாக எச்2 கணிதத்தைக் கேட்கின்றன. மருத்துவத்துக்கு எச்2 வேதியியலோடு உயிரியலோ இயற்பியலோ வேண்டும். பதினான்கு வயதில் ஒரு படிவத்தில் போடும் டிக், பதினெட்டு வயதில் எந்தெந்தத் துறைக்கு விண்ணப்பிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் கூடுதல் கணிதம் எடுத்தே தீரவேண்டும் என்பதல்ல நாங்கள் சொல்வது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் பொறியியல் பட்டயம் பெற்று, அங்கிருந்து பல்கலைக்கழகம் போகிறவர்கள் நிறையப் பேர். விடுவதென்றால் எதை விடுகிறோம் என்று தெரிந்து விடட்டும், அவ்வளவுதான்.

அண்ணனுக்குச் சொன்ன கணக்கு தம்பிக்குப் பொருந்தாது என்பதையும் இந்தப் பெற்றோரிடம் சொல்லியாக வேண்டும். 2027 முதல் சாதாரண நிலை, வழக்க நிலைத் தேர்வுகள் இருக்காது. அவற்றின் இடத்தில் சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்த் தேர்வு வருகிறது. 2028 சேர்க்கையிலிருந்து தொடக்கக் கல்லூரிக்கு ஆறு பாடங்களுக்குப் பதில் ஐந்து பாடங்களின் புள்ளிகளையே கூட்டுவார்கள்; புள்ளி குறையக் குறைய நல்லது. உச்ச வரம்பு 20 புள்ளியிலிருந்து 16ஆக இறங்குகிறது. பாடம் ஒன்று குறைகிறதே, சுலபமாகிவிட்டது என்று நினைக்கிறவர்கள் உண்டு. 20ஐ ஆறால் வகுத்தால் பாடத்துக்கு 3.3, 16ஐ ஐந்தால் வகுத்தால் 3.2. தரம் தளரவில்லை.

சாதாரண நிலைத் தேர்வு எழுதும் ஆண்டில் பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் முன்கூட்டிய சேர்க்கைக்கு ஜூன் மாதத்தில் விண்ணப்பம் திறக்கும். மூன்று தெரிவுகள் தரலாம். அந்தத் துறையில் உண்மையான ஈடுபாடு இருக்கிறதா என்று எழுத்திலும் நேர்காணலிலும் பார்ப்பார்கள். இடம் கிடைத்து ஒப்புக்கொண்டவர், ஜனவரியில் தேர்வு முடிவை வைத்து நடக்கும் கூட்டுச் சேர்க்கையில் பிறகு பங்கேற்க முடியாது. குறைந்தபட்சத் தேர்வுத் தகுதியையும் எட்ட வேண்டும். நம் வீடுகளில் பலதுறை என்றாலே தேர்வு முடிவு சரியில்லாவிட்டால் யோசிக்கும் இடம் என்ற எண்ணம் இன்னும் இருப்பதால், இந்த ஜூன் வாய்ப்பைக் கேள்விப்படாமலே பலர் தவறவிடுகிறார்கள்.

தொடக்கக் கல்லூரி இரண்டாம் ஆண்டுக்காரர்களுக்குத்தான் ஜூன் மிகவும் அவசரம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கோங் சியான் மருத்துவப் பள்ளி முன்பு பிமேட் என்ற நுழைவுத் தேர்வைக் கேட்டது. 2023க்குப் பின் அந்தத் தேர்வே இல்லை, இப்போது யூகேட் என்ற நுழைவுத் தேர்வைக் கேட்கிறது. யூகேட் தேர்வு ஆண்டுக்கு ஒருமுறை, ஜூலை முதல் செப்டம்பர் வரையில் நடக்கிறது. உள்ளூர் விண்ணப்பமோ அடுத்த பிப்ரவரி, மார்ச்சில். ஆக, மேல்நிலைத் தேர்வு முடிவைப் பார்த்துவிட்டு மருத்துவம் பற்றி யோசிக்கும் பிள்ளைக்கு அந்த வாசல் ஐந்து மாதம் முன்பே மூடிவிட்டது. உங்கள் பிப்ரவரி மேடையில் ஒரு மருத்துவர் எவ்வளவு அழகாகப் பேசினாலும் அதைத் திறக்க முடியாது.

பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸ் வழியாகப் போகிறவர்களுக்கு ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும், எந்தப் பல்கலைக்கழகமானாலும் மருத்துவப் படிப்புக்கும் கடைசித் தேதி அக்டோபர் 15. மற்றவற்றுக்குப் பெரும்பாலும் ஜனவரி. மொத்தம் ஐந்து தெரிவுகள்; மருத்துவத்துக்கு நான்குதான். ஆக்ஸ்ஃபர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் ஒரே ஆண்டில் விண்ணப்பிக்க முடியாது. நெருக்கடி எங்கே வருகிறதென்றால், மேல்நிலைத் தேர்வில் என்ன வாங்குவார் என்று கணிக்கும் எதிர்பார்ப்பு மதிப்பெண்களைப் பள்ளிகள் பெரும்பாலும் பிரிலிம் (பள்ளியின் முன்னோட்டத்) தேர்வை வைத்துத் தருகின்றன. பிரிலிம் முடிவுகள் கைக்கு வரும்போது செப்டம்பர் முடியப்போகிறது. ஆசிரியர் பரிந்துரை, சுயவிவரக் கட்டுரை, எதிர்பார்ப்பு மதிப்பெண் மூன்றும் இரண்டே வாரத்தில் வந்து மோதுகின்றன. கட்டுரையை ஜூனில் எழுதி ஜூலையில் திருத்தியவர் இந்த இரண்டு வாரத்தைத் தாண்டிவிடுவார். இன்னொன்று: 2026 சேர்க்கையிலிருந்து யூகாஸ் கட்டுரை ஒரே நீண்ட எழுத்தாக இல்லை, மூன்று கேள்விகளாகப் பிரிந்துவிட்டது. ஏன் இந்தப் படிப்பு, பள்ளிப் படிப்பு எப்படித் தயார்படுத்தியது, பள்ளிக்கு வெளியே என்ன செய்தீர்கள் என்பவை அவை. இடைவெளிகளோடு சேர்த்து மொத்தம் 4,000 எழுத்து. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. உறவினர் பிள்ளை கொடுத்த பழைய கட்டுரையை மாதிரியாக வைத்து எழுதினால் முழுவதையும் மறுபடி எழுத வேண்டிவரும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கான பொது விண்ணப்பமான காமன் ஆப் ஆகஸ்ட் 1 அன்று திறக்கிறது. 650 சொல்லுக்குள் ஒரு கட்டுரை, பத்து நடவடிக்கைகள், ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்து. இதில் நம் பிள்ளைகள் சறுக்குவது ஒரே மாதிரிதான். ‘கோயில் தொண்டூழியம், 3 ஆண்டுகள்’ என்று எழுதி நிறுத்துவார்கள். படிப்பவருக்கு அதில் ஒன்றும் தெரியாது. ‘தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல்: 12 பேர் கொண்ட இரவுக் குழுவுக்குப் பணி அட்டவணை போட்டேன், மணிவாரியாகக் குவளைக் கணக்கு எடுத்ததால் மூன்றாம் ஆண்டில் தட்டுப்பாடு இல்லை’ என்று எழுதினால் பொறுப்பும் தெரியும், செய்த வேலையும் தெரியும், விளைவும் தெரியும். ஆங்கிலத்தில் இது 150 எழுத்துக்குள் அடங்கும்.

இங்கேதான் உங்களிடம் நேரடியாகக் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களிலும் மதிப்பெண்ணுக்கு அப்பால் திறனைப் பார்த்துச் சேர்க்கும் வழி உண்டு. 2017இல் அது விரிவாக்கப்பட்டது. அதற்குச் சான்றுகள் தேவை. நீங்கள் தரும் சான்றிதழ்களில் தங்க எழுத்தும் மூன்று கையெழுத்தும் இருக்கின்றன. ‘சிறப்பாகப் பங்கேற்றார்’ என்பதைத் தவிர வேறு தகவல் இல்லை. அதற்குப் பதில் அமைப்பின் தாளில் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: மாணவர் வகித்த பொறுப்பு, தொடங்கிய தேதி, முடித்த தேதி, மொத்த மணி நேரம், என்ன செய்தார் என்று இரண்டு வாக்கியம், விசாரிக்க ஒருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும். தமிழோடு ஆங்கிலத்திலும் இருக்கட்டும். பட்டிமன்றம், நடனம், தமிழ்மொழி விழா ஏற்பாடு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பிள்ளைக்கு உதவுவதாக நினைத்து மணி நேரத்தைக் கூட்டிப் போடாதீர்கள். நேர்காணலில் துருவிக் கேட்பார்கள். 40 மணி நேரம் செய்ததை 200 என்று எழுதியவர் மூன்றாவது கேள்வியில் தடுமாறுவார், அதோடு உண்மையாகச் செய்த நாற்பதும் சேர்ந்து அடிபட்டுப்போகும்.

இனி மதிப்பெண் கணக்கு. 2026 சேர்க்கையிலிருந்து மேல்நிலைத் தேர்வின் பல்கலைக்கழகச் சேர்க்கைப் புள்ளி 90க்கு அல்ல, 70க்கு. மூன்று எச்2 பாடங்களுக்குத் தலா 20, பொதுத்தாளுக்கு (ஜிபி) 10. திட்டவேலையில் (பிராஜெக்ட் ஒர்க்) தேர்ச்சி பெற்றால் போதும், புள்ளி இல்லை. நான்காவது பாடத்தையும் தாய்மொழியையும், சேர்த்தால் புள்ளி கூடும் என்றால் மட்டும் சேர்த்து, 70க்குச் சுருக்குவார்கள். ஒரு பிள்ளை கணிதத்தில் ஏ (20), வேதியியலில் பி (17.5), பொருளியலில் சி (15), பொதுத்தாளில் சி (7.5) வாங்கினால் மொத்தம் 60. நான்காவது பாடமான எச்1 வரலாற்றில் சி (7.5) என்றால் 67.5ஐ 80ஆல் வகுத்து 70ஆல் பெருக்க 59.06 வருகிறது, குறைவதால் அதை விட்டுவிடுவார்கள். எச்1 தமிழில் ஏ (10) இருந்தால் 70ஐ 80ஆல் வகுத்து 70ஆல் பெருக்க 61.25. இழப்பதற்கு ஒன்றுமில்லை, கூடினால் லாபம். தமிழுக்கு இனி மதிப்பில்லை, நேரத்தை வேறு பாடத்துக்குக் கொடு என்று சொல்லும் பெற்றோருக்கு இந்த ஒரு கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுங்கள்.

பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் மதிப்பெண் நிலவரப் பட்டியலையும் தவறாகப் படிக்கிறார்கள். அதில் இருக்கும் 10ஆம் விழுக்காட்டு நிலை வெட்டு மதிப்பெண் அல்ல. இடம் பெற்றவர்களில் ஏறக்குறையப் பத்தில் ஒருவர் அந்த நிலையிலோ அதற்குக் கீழோ இருந்து உள்ளே போயிருக்கிறார் என்பதே அதன் பொருள். அதுவும் போன ஆண்டு நிலவரம். ஒரு படி குறைந்ததும் விண்ணப்பிக்காமல் ஒதுங்குவதும் தவறு. எல்லாத் தெரிவுகளையும் எட்டாத உயரத்திலேயே வைப்பதும் தவறு. பட்டியலில் ஓர் இடமாவது, தன் மதிப்பெண் அந்தப் 10ஆம் நிலைக்கு வசதியாக மேலே இருக்கும் துறையாக இருக்கட்டும், படிக்க மனமுள்ள துறையாகவும் இருக்கட்டும்.

தேசிய சேவைக்குப் போகும் பையன்கள் முடிவு வந்த அந்த ஆண்டிலேயே விண்ணப்பித்து விடுவது நல்லது. உள்ளூர்ப் பல்கலைக்கழகங்கள் இடத்தை வைத்திருந்து சேவை முடிந்ததும் சேர்த்துக்கொள்ளும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் இரண்டு ஆண்டு தள்ளிப்போட ஒப்புமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். துறைக்குத் துறை பதில் மாறும். அடிப்படை ராணுவப் பயிற்சியில் இருக்கும் பையனுக்கு வார இறுதிதான் நேரம் என்பதால், தெரிவு வரிசையை டிசம்பரிலேயே பேசி முடித்துவிடச் சொல்லுங்கள். பையனின் சிங்பாஸை (அரசு இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கை) வாங்கி அப்பா நிரப்புவது கூடவே கூடாது.

பணத்தைப் பற்றி மேடையில் யாரும் வாய் திறப்பதில்லை. மேசையில் அதற்குத்தான் அதிக நேரம் போகும். கல்விக் கட்டணக் கடனாக, அரசு மானியம் போக மிஞ்சும் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை கிடைக்கும், படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. பிணையாளர் வயது 21க்கும் 60க்கும் இடையில் இருக்க வேண்டும். அப்பாவுக்கு 61 என்றால் அம்மாவோ சித்தப்பாவோ கையெழுத்திட வேண்டும் என்பதை முன்பே சொல்லிவிட்டால் கடைசி வாரத்தில் அலைய வேண்டாம். உதவிநிதிக்குக் குடும்பத்தின் தனிநபர் வருமானம் பார்ப்பார்கள். வேலை பார்க்கும் அக்காவின் சம்பளத்தைச் சேர்க்கிறவர்கள், அதே முகவரியில் இருக்கும் பாட்டியை ஆள் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். வருமானம் வீணாகக் கூடித் தெரிகிறது. உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கில் எவ்வளவு மிச்சம் என்றும் பார்க்கச் சொல்லுங்கள். நிரந்தரவாசிகளும் வெளிநாட்டு மாணவர்களும் கட்டண மானியம் பெற்றால் படிப்புக்குப் பின் மூன்றாண்டு வேலை ஒப்பந்தம் உண்டு. அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது.

மேசைக்கு என்ன வேண்டும்? ஒரு குடும்பத்துக்கு நாற்பது நிமிடம், ஒரு மடிக்கணினி, ஓர் அச்சுப்பொறி, இரண்டு தொண்டூழியர்கள். ஒருவர் அண்மையில் சேர்ந்த பல்கலைக்கழக மாணவராக இருந்தால் நல்லது. பத்தாண்டுக்கு முன் சேர்ந்தவருக்குத் தெரிந்த விதிகள் இன்று செல்லாது. பண மேசைக்குக் கணக்காளர் ஒருவர். தேர்வு முடிவுத் தாள், இணைப்பாட நடவடிக்கைப் பதிவு, சான்றிதழ்கள் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பள்ளியின் கல்வி, வாழ்க்கைத்தொழில் ஆலோசகரைப் பார்த்தாயிற்றா என்று முதலில் கேளுங்கள். அந்தச் சேவை பள்ளியிலேயே கிடைக்கிறது, நாம் அதற்குப் போட்டியில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழக முகவர்கள் வர விரும்பினால், தரகு வாங்குகிறவர்கள் என்பதை மேசையில் எழுதி வைத்துவிட்டு உட்காரட்டும்.

வரும் ஜூனுக்கு மண்டபம் கிடைக்காவிட்டால் சமூக மன்றத்தில் ஓர் அறை போதும். சான்றிதழ் மாதிரியை மாற்றுவதற்கு அதுகூடத் தேவையில்லை. அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கினால் முடிந்துவிடும். மாதிரிக் கடிதம் வேண்டுவோருக்கு நாங்கள் எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
மாணவர் விண்ணப்பங்களுக்கு உதவும் தொண்டூழியர்கள்
சிங்கப்பூர்